ஆள் கிளம்பிட்டாங்க

வயர்லஸ் பெட்டியைப் போட்ட உடனே பேச முடியாது, ஐயா. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடாக நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தில் நான் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொள்வேன். காலை ஏழரைக்கு முதல் அழைப்பு. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பிந்தியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் வெறுப்பு வந்து செய்தான் என்று உங்கள் வாக்குமூலத் தாளில் ஏறிவிடக் கூடாது.

என் பெயர் வியாகுலம். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஆத்தங்கரைத் தோட்டத்துத் தொழிலாளிகள்; இரண்டு பேரும் இப்போது இல்லை. கொட்டகலையில் படித்தேன். அதன் பிறகு தோட்டத்து ஆபீசில் டெலிபோன் எடுக்கிற வேலை.

ஐம்பத்தேழாம் வருஷத்து வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலை சரிந்து லயத்து வீடுகள் புதைந்தபோது டெலிபோன் கம்பங்களும் கூடவே போய்விட்டன. சருகுமலைத் தோட்டத்தில் பதினேழு பேர் மண்ணுக்குள் கிடந்தது டவுனுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் தோட்டங்கள் சேர்ந்து இந்த வயர்லஸை வாங்கி வைத்தார்கள். மொத்தம் மூன்று பெட்டி. ஒன்று ஆஸ்பத்திரியில். ஒன்று அம்புலன்ஸ் வண்டியில், சீட்டுக்குக் கீழே பெட்டரியோடு. மற்றது டவுனுக்கு மேலே மேட்டில், என் அறையில். ஆஸ்பத்திரிக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் மலை நிற்பதால் வண்டியில் பேசுவது ஆஸ்பத்திரிக்குக் கேட்காது. மேட்டில் இருக்கும் எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். இவர்கள் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் நான் சொல்வேன். என் அறைக்குப் பெயர் கன்ட்ரோல். என்னையும் கன்ட்ரோல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

டோரீன் வந்தது அறுபத்தோராம் வருஷம் ஜனவரியில். ஆஸ்பத்திரிக்குப் புது நர்ஸ். அவள் என்று சொல்வதை மன்னிக்க வேண்டும். நேரில் பேசும்போது மரியாதையாகத்தான் பேசினேன். மனதுக்குள் அவள் என்று சொல்லிப் பழகிவிட்டது.

காலை ஏழரைக்கு நான் கேட்பேன், "ஆஸ்பத்திரி, கேட்குதா?" அவள், "நல்லா கேட்குதுங்க அண்ணே" என்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு தடவை. அவ்வளவுதான். வயர்லஸில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்று சட்டம். அவளும் மீறவில்லை, நானும் மீறவில்லை. அண்ணே என்று கூப்பிட்டாளே என்று நீங்கள் நேற்று ஒரு மாதிரியாகக் கேட்டீர்கள். இங்கே எல்லாரும் எல்லாரையும் அண்ணே என்பார்கள். அதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

அவளை நேரில் பார்த்தது நாலு தடவை. மூன்று தடவை மாதா கோயிலில், ஒரு தடவை பஸ்ஸில். நேரில் அவள் கொஞ்சம் சாதாரணமாக இருந்தாள். குரல் அப்படி இல்லை. என் அறையில் சுவரும் பெட்டியும் நாற்காலியும்தான். அந்தக் குரல் வந்தால் அங்கே இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அம்மா போன பிறகு என் பக்கத்தில் இருந்து யாரும் என்னிடம் பேசியதில்லை, ஐயா.

அவசரக் கேஸ் என்றால் நர்ஸும் வண்டியில் போக வேண்டும். அப்படிப் போகும் நாளில் மட்டும் கதை வேறு. வழி எப்படி, மழை எப்படி, நோயாளிக்கு நாடி எவ்வளவு, டாக்டர் என்ன மருந்து சொல்கிறார் என்று போய் வரும் மட்டும் பேச்சு இருக்கும். ஒரு கேஸுக்கு இரண்டு மணி நேரம். கேஸ் இல்லாத நாளில் நாலு வார்த்தை. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது.

முதல் பொய் அழைப்பு ஜூன் மாதம். சருகுமலையில் ஒரு ஆள் மரத்திலிருந்து விழுந்துவிட்டான், தோட்டத்து ஆள் ஒருவன் இறங்கி வந்து சொன்னான் என்றேன். டெலிபோனில் வந்தது என்றால் விசாரிப்பார்கள். ஆள் வந்து சொன்னான் என்றால் விசாரிக்க இடமில்லை. போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. "லொறியில ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றேன். நம்பினார்கள். அன்றைக்கு அவள் திரும்பி வரும் வழியில் ரோட்டோரத்தில் ஒரு மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கிறது என்றாள். கேஸோடு சம்பந்தம் இல்லாத பேச்சு. அதை அழைப்புகள் பதியும் லொக் புத்தகத்தில் எழுதவில்லை.

உங்கள் தாளில் பதினான்கு பொய் அழைப்பு என்று இருக்கிறது. பதினொன்றுதான். மற்ற மூன்றும் நிஜம்; போய்ச் சேருவதற்குள் அவர்களாகவே வேறு வழியில் கொண்டு போய்விட்டார்கள். சரியாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாக்கண்ணு விஷயத்துக்கு வருகிறேன். அது அக்டோபரில் நடந்தது. நாலாவது பொய் அழைப்பு. வண்டி சருகுமலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஆத்தங்கரைத் தோட்டத்துக் கந்தப்பன். ஐந்து மைல் ஓடி வந்திருந்தார்.

"ஐயா, என் சம்சாரத்துக்கு வலி எடுத்து ரெண்டு நாளாச்சுங்க. புள்ள குறுக்கால கெடக்குன்னு மருத்துவச்சி சொல்றாங்க. வண்டிய அனுப்புங்கய்யா."

"வண்டி வேற கேஸுக்குப் போயிருக்கு. உக்காருங்க, வந்துரும்" என்றேன்.

திருப்பி அழைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கையைப் பெட்டியில் வைத்தேன். ஆனால் திரும்பி வா என்றால், சருகுமலை நோயாளியை என்ன செய்வது என்று அவள் கேட்பாள். அங்கே நோயாளி இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அதனால் அவர்கள் மேலே போய்த் தேடிப் பார்த்துத் திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி பத்து நிமிஷம். கந்தப்பன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். பால் போட்டுத்தான் கொடுத்தேன்.

வண்டி ஆத்தங்கரைக்குப் போனபோது பிள்ளை செத்துப்போயிருந்தது. அவர் சம்சாரம் அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிரோடு இருந்தார்.

அன்று நாலு மணி அழைப்பில் டோரீன் அழுதாள். "கொஞ்சம் முந்திப் போயிருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம் அண்ணே. எந்தப் பாவி ஆளு இல்லாத கேஸுக்கு நம்மளக் கூப்பிட்டானோ." நான் ஆறுதல் சொன்னேன். அவள் ஒன்பது நிமிஷம் பேசினாள். சட்டத்தைப் பார்க்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கந்தப்பன் என்னைத் தேடி வந்தார். வீட்டுப் பக்கத்தில் போட்ட உருளைக்கிழங்கு ஒரு பை கொண்டு வந்திருந்தார். "அன்னைக்கு நீங்க மட்டும்தாங்க என்னைய ஒரு மனுசனா மதிச்சு உக்காரச் சொன்னீங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அவர் மனம் நோகும்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் பொய் அழைப்பு எதுவும் கொடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மறுபடி தொடங்கினேன்.

இந்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை அழைப்பில் அவள், "அண்ணே, ஒரு சங்கதி" என்றாள். "இந்த மாசத்தோட நான் நிக்கிறேன். எனக்குக் கல்யாணம். ராகலைப் பக்கம் ஸ்கூல்ல படிப்பிக்கிறாரு, றோலண்ட்னு பேரு. நீங்க கட்டாயம் வரணும்."

"சந்தோஷம்மா" என்றேன். பிறகு அம்புலன்ஸைக் கூப்பிட்டு அதற்கும் காலைச் சோதனை செய்தேன். வேலையில் குறை வைக்கவில்லை.

கடைசி நாள் முப்பத்தோராம் தேதி, வெள்ளிக்கிழமை. மூன்று மணி பஸ்ஸில் அவள் போவதாக இருந்தது. நாலு நாளாக விடாமல் மழை. காலை ஏழரைக்கு அவள், "இன்னைக்கோட சரிங்க அண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் பேசியதற்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு இரண்டு மணி நேரம் கேட்பது பெரிய ஆசை என்று நான் அப்போது நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

பத்து மணிக்கு ரோட்டு வேலை ஓவசியர் வந்தார். சருகுமலை ரோட்டில் நாலாம் மைல்கட்டைக்கு அப்பால் மண் இறங்குகிறது, எந்த வண்டியும் போக வேண்டாம், எல்லாருக்கும் வயர்லஸில் சொல்லிவிடுங்கள் என்றார். துண்டில் எழுதியும் கொடுத்தார். அந்தத் துண்டுதான் உங்கள் மேசையில் இருப்பது. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டார்கள்.

வேறு தோட்டத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சருகுமலைதான் தூரம் அதிகம்.

பதினொன்று ஐம்பதுக்கு அழைப்புக் கொடுத்தேன். சருகுமலையில் மேல் கணக்கு என்கிற மேட்டுப் பகுதியில் கொழுந்து பறிக்கிற பொம்பளை ஒருத்தி பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்று. டிரைவர் பழனியாண்டி தயங்கினார். "இந்த மழையிலயா? போன தடவையும் அங்க ஆளே இல்லீங்களே."

"கண்டாக்கு ஐயாவே ஆள் அனுப்பியிருக்காரு" என்றேன். தோட்டத்தில் கண்டாக்கு சொன்னால் மறுபேச்சு இல்லை. உங்களுக்குத் தெரியாததல்ல.

டோரீன் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவளுக்குப் பதில் வர வேண்டிய நர்ஸ் வந்து சேரவில்லை, அதனால் அவளே ஏறினாள். "போயிட்டு வந்து பஸ் புடிச்சிக்கிறேன்" என்றாள். வண்டி மலை ஏறும் மட்டும் பேசினாள். துணிப் பெட்டி கட்டியாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் எல்லாரும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள் என்றாள். நாலாம் கட்டையைத் தாண்டும்போது ரோட்டில் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது என்றாள். நான், "மெதுவா போகச் சொல்லுங்க" என்றேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பேச்சு நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தது.

"கன்ட்ரோல்... அண்ணே, கேட்குதா?"

"கேட்குது. சொல்லுங்க."

"வண்டி பள்ளத்துல உருண்டிருச்சு. மரத்துல தட்டி நிக்குது. பழனியாண்டி அண்ணே மூச்சு விடுறாரு, ஆனா பேச்சில்ல. என் கால் ரெண்டும் சீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. ரத்தம் போகுது. கட்டுப் போட்டேன், நிக்க மாட்டேங்குது. சீக்கிரம் ஆள் அனுப்புங்க அண்ணே."

"ஆள் கிளம்பிட்டாங்க" என்றேன்.

என் அறையிலிருந்து இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வர ஆறு நிமிஷம். வரும் வழியில் தேயிலை ஃபாக்டரி. அங்கே சங்கு ஊதினால் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்து போனால் பெட்டி முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் கூப்பிட்டால் பதில் இருக்காது. அது ஒரு காரணம். ஆட்கள் சருகுமலைக்குப் போனால் பள்ளத்தில் விழுந்த பொம்பளை எங்கே என்று கேட்பார்கள். அது இன்னொரு காரணம். எது முதலில் வந்தது என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். லொறியில் இருபது பேர் ஏறிவிட்டார்கள் என்றேன். மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் இருக்கிறது, டாக்டரும் கூட வருகிறார் என்றேன். கோயில் முடக்குக்கு வந்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். பாலத்தில் கொஞ்சம் சுணங்கிவிட்டது, இப்போது நடந்து ஏறுகிறார்கள். அவர்களை நான் கண்ணால் பார்ப்பது போலவே இருந்தது.

"சத்தம் ஒண்ணும் கேக்கலியே அண்ணே."

"மழையில கேக்காதும்மா."

"நான் கத்திப் பாக்கட்டா?"

"வேணாம். தெம்பு போயிரும். என்கிட்டயே பேசிக்கிட்டு இருங்க."

பேசினாள், ஐயா. சட்டம், வரைமுறை எதுவும் இல்லாமல் பேசினாள். அவள் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாக இருந்தாராம். சின்ன வயதில் அவர் கொடுத்த பஞ்சையும் துணியையும் வைத்துக்கொண்டு வீட்டு ஆட்டுக்குக் கட்டுப் போடுவாளாம். கல்யாணம் முடிந்த கையோடு மடு மாதாவுக்குப் போவதாக நேர்த்தி என்றாள். ராகலையில் பார்த்திருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் லீக்ஸ் பாத்தி தெரியும் என்றாள். றோலண்டுக்கு யாராவது தகவல் சொல்லுங்கள், மூன்று மணி பஸ்ஸுக்குக் காத்திருப்பார் என்றாள். சொல்லியாகிவிட்டது என்றேன்.

ஒன்றரை மணிக்கு மேல் பேச்சு குழறியது. பயமாக இருக்கிறது, ஜெபம் சொல்லுங்கள் என்றாள். அருள் நிறைந்த மந்திரத்தை இரண்டு பேரும் சொன்னோம். ஒரு பாதியை நான் சொல்லி விட, மறு பாதியை அவள் சொல்வாள். ஜெபமாலையில் பத்து மணி முடித்தோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மனம் இளகிப் போனது. "டோரீன், உங்க குரலைக் கேக்கத்தான் நான் தினம் எந்திரிக்கிறேன்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை.

பிறகு அவள் தெளிவாகப் பேசினாள். நர்ஸ் பேசுகிற குரல்.

"அண்ணே, சருகுமலையில விழுந்த பொம்பளை பேர் என்ன?"

பதினான்கு மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எந்தப் பெயரையும் நான் தயாராக வைத்திருக்கவில்லை. நான் பிந்திவிட்டேன்.

"யாரும் வரலதானே?" என்றாள்.

"வர்றாங்கம்மா. கிட்ட வந்துட்டாங்க" என்றேன்.

அப்போது மணி இரண்டு இருபது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் இரண்டே முக்கால் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வர்றாங்க, இதோ வர்றாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு லொக் புத்தகத்தில் விபத்துத் தகவல் கிடைத்த நேரம் இரண்டு நாற்பது என்று எழுதி, சட்டை மாற்றிக்கொண்டு இங்கே வந்து சொன்னேன். ஃபாக்டரியில் சங்கு ஊதினார்கள். அறுபது பேர் போனார்கள். பாலத்தில் சுணக்கம் எதுவும் இல்லை. நாற்பது நிமிஷத்தில் வண்டியிடம் போய்விட்டார்கள்.

உடம்பில் சூடு இருந்ததாம். மூன்று மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும், ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் கால்தான் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் படித்தவர். நான் மறுக்கவில்லை.

ஓவசியர் துண்டை மறைத்தது நான். ஆளில்லாத இடத்துக்கு வண்டியை அனுப்பியது நான். அம்மாக்கண்ணுவும் அவர் பிள்ளையும் செத்ததற்கும் நான்தான் பொறுப்பு. டோரீனுக்கு ஆள் அனுப்பாமல் ஒரு மணி நாற்பது நிமிஷம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்ததும் நான். இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.

பழனியாண்டி பிழைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. மயக்கத்திலும் பாதிப் பேச்சு காதில் விழுந்தது என்று அவர் சொன்னதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் மிஸ்ஸி கையை நீட்டிப் பெட்டிச் சுவிட்சை அணைத்தார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார் என்று சொல்லியிருக்கிறார் அல்லவா, அந்த வரி. அவருக்குத் தலையில் அடி. சரியாகத் தெரிந்திருக்காது. பெட்டரி தீர்ந்திருக்கும், இல்லையென்றால் வலியில் அவள் கை தெரியாமல் பட்டிருக்கும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது டோரீன் அதை அணைத்திருக்கமாட்டாள்.